ஒரு வாய், பல காதுகள்: விமானி அறையின் ஒலிப்பலகை

விமானியின் வேலை என்ன என்று கேட்டால், விமானம் ஓட்டுவது என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் அவர் பறக்கும் நேரமெல்லாம் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. அது கேட்பதும் பேசுவதும். கட்டுப்பாட்டுக் கோபுரம், அருகில் இருக்கும் துணை விமானி, பின்னால் நிற்கும் பணியாளர்கள், பயணிகள் என்று பலரோடும் அவர் பேச வேண்டும். இத்தனை பேருக்கும் அவரிடம் இருப்பது ஒரு ஹெட்செட் மட்டுமே. எந்தக் குரல் எங்கே போக வேண்டும், எந்தக் குரல் காதுக்கு வர வேண்டும் என்பதைத் தெரிவு செய்ய உதவும் கருவிதான் ஒலிப்பலகை.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கும் எனக்கு விமானத் துறையில் ஆர்வம் அதிகம். அதுபற்றி வாசித்தபோது, நமது பௌதிகவியல் பாடம் இந்தச் சிறு பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வியந்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேட்பது பல, பேசுவது ஒன்று

விமானப் பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இதன் கார்மின் ஜி1000 கருவித் தொகுதியில், இரண்டு திரைகளுக்கும் நடுவே நீண்ட பட்டிபோல ஒலிப்பலகை அமைந்திருக்கும். அதில் "கொம் 1", "கொம் 2" என்ற பொத்தான்கள் இரண்டு வானொலிகளையும் கேட்பதற்கு. "கொம் 1 மைக்", "கொம் 2 மைக்" என்பவை பேசுவதற்கு.

இங்கே ஒரு முக்கியமான விதி இருக்கிறது. கேட்கும் பொத்தான்களில் எத்தனையை வேண்டுமானாலும் ஒன்றாகப் போடலாம். பேசும் பொத்தானில் ஒன்றை அழுத்தியதும் மற்றையது தானாகவே அணைந்துவிடும். எயார்பஸ் ஏ320 போன்ற பெரிய விமானங்களிலும் இதே ஒழுங்குதான். ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனிப் பலகை உண்டு. கேட்கும் ஒவ்வொன்றுக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழும் உண்டு.

இது நமக்குப் புதிதல்ல. அடுப்படியில் நிற்கும் உம்மாவைக் கவனியுங்கள். குக்கர் விசில், தொட்டிலில் தம்பியின் அழுகை, வாசலில் மீன்காரரின் குரல், அறையில் நாம் பாடம் ஒப்புவிக்கும் சத்தம் எல்லாமே அவர் காதில் விழும். பதில் சொல்வது ஒருவருக்குத்தான். பல குரல்களில் எது அவசரமானது என்று பிரித்தறியும் அந்தத் திறமையைத்தான் விமானியும் பழக வேண்டியிருக்கிறது.

பேசுவதற்கு முன் விமானி செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, எந்த மைக்கின் விளக்கு எரிகிறது என்று பார்ப்பது. பயணிகளுக்குச் சொல்ல வேண்டிய அறிவித்தலை மறதியாகக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லிவிடும் விமானிகளும் உண்டு. இரண்டாவது, வேறு யாரும் பேசவில்லை என்று ஒரு கணம் கேட்டு உறுதி செய்வது. மூன்றாவது, பேசும் ஆளியை அழுத்திய பிறகே பேச்சைத் தொடங்கி, முடிந்ததும் விரலை எடுப்பது. அழுத்துமுன் பேசினால் முதற்சொல் போய்விடும். விரலை எடுக்க மறந்தால் அந்த மீடிறனில் இருக்கும் எல்லோருக்கும் வழி அடைபட்டுவிடும். பேசும்போது தன் குரலே தன் காதில் திரும்பக் கேட்பதும் விமானிக்கு ஓர் அடையாளம். அது கேட்காவிட்டால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று அவர் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளே பேசும் இன்டர்கொம்

விமானத்தினுள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு இன்டர்கொம் உதவுகிறது. சிறிய விமானத்தில் இதற்கு ஆளி எதையும் அழுத்தத் தேவையில்லை. வாய் திறந்தால் போதும். அப்படியானால் இயந்திரத்தின் இரைச்சலும் மைக் வழியாக வந்துகொண்டே இருக்காதா? அதைத் தடுப்பதற்குத்தான் "ஸ்குவெல்ச்" என்ற அமைப்பு இருக்கிறது. அது ஒரு கதவு போன்றது. ஒலி குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் மட்டுமே திறக்கும். மட்டத்தை மிகக் குறைத்து வைத்தால் இரைச்சலுக்கும் கதவு திறக்கும். மிக உயர்த்தி வைத்தால் மெதுவாகப் பேசுபவரின் குரல் வெட்டுப்படும்.

தரையிறங்கும் வேளையில் பயணிகளின் பேச்சு இடைஞ்சலாக இருந்தால், "பைலட்" என்ற பொத்தானை அழுத்தி விமானி தன்னைத் தனிமைப்படுத்திக்கொள்ளலாம். அப்போது அவருக்கு வானொலி மட்டுமே கேட்கும். பலகைக்கு மின் இல்லாமற் போனாலும் விமானி ஊமையாகிவிட மாட்டார். அவரது ஹெட்செட் முதலாம் வானொலியோடு நேரடியாக இணைந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள்.

இரு குரல்கள் மோதினால்

விமானங்கள் கட்டுப்பாட்டாளரோடு பேசும் வானொலி 118 முதல் 137 மெகா ஹேர்ட்ஸ் வரையான வீச்சில் இயங்குகிறது. ஒரு மீடிறனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாகப் பேசினால் என்ன நடக்கும்? கிட்டத்தட்ட ஒரே மீடிறன் கொண்ட இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால் அடிப்பு கேட்கும் என்று படித்திருக்கிறோம். இங்கும் அதே கதைதான். இரண்டு வானொலிகளின் காவி அலைகளும் மிகச் சரியாக ஒரே மீடிறனில் இருப்பதில்லை. சிறு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் நம் காதுக்குக் கேட்கும் மீடிறனாக அமைந்தால் கீச்சென்ற ஒலியாக வரும். இரண்டு பேச்சும் அதில் அமிழ்ந்துவிடும்.

1977 மார்ச் 27ஆம் திகதி இது நடந்தது. கனேரித் தீவுகளில் ஒன்றான தெனெரிஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். கே.எல்.எம். விமானம் ஒரு முனையில் நின்றது. பான் ஆம் விமானம் அதே பாதையில் மெல்ல ஊர்ந்து வந்தது. கே.எல்.எம். விமானம் அனுமதி கிடைக்கும் முன்பே புறப்படத் தொடங்கியது. பொறுத்திருக்கும்படி கட்டுப்பாட்டாளர் சொன்ன அதே வினாடிகளில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகளும் சொன்னார்கள். இரண்டு குரலும் மோதின. கே.எல்.எம். விமானி அறைக்குள் கேட்டது பெரும்பாலும் கீச்சொலிதான்.

அதன் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. அடுத்து வந்த வானொலிப் பேச்சைக் கேட்ட கே.எல்.எம். விமானப் பொறியியலாளர், மற்ற விமானம் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையா என்று தன் தலைமை விமானியிடம் கேட்டார். விலகிவிட்டது என்று உறுதியாகப் பதில் வந்தது. விமானம் நிற்கவில்லை. 583 பேர் உயிரிழந்தனர்.

அதன்பின் வானொலிப் பேச்சின் சொற்கள் இறுக்கமாக்கப்பட்டன. புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மாத்திரமே "டேக் ஒஃப்" என்ற சொல்லைக் கட்டுப்பாட்டாளர் பயன்படுத்த வேண்டும் என்றாயிற்று. பதவியில் குறைந்தவர் சந்தேகத்தைத் துணிந்து சொல்வதும், தலைவர் அதற்குச் செவிகொடுப்பதும் விமானிகளுக்கான பயிற்சியில் ஒரு பாடமாயிற்று.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். வானொலியில் குரல் தொலைந்ததற்குப் பௌதிகவியலில் காரணம் இருக்கிறது. பொறியியலாளரின் கேள்விக்கு அப்படி எந்தத் தடையும் இருக்கவில்லை. அது காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மனத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒலிப்பலகை குரலைக் காதுவரை கொண்டுபோகும். மிச்சத் தூரத்தைக் கேட்பவர்தான் கடக்க வேண்டும்.

சகோதரிகளே, வகுப்பிலோ வீட்டிலோ ஏதோ பிழை இருக்கிறது என்று தோன்றினால், ஒருமுறை கேட்டதோடு நின்றுவிடாமல் தெளிவாக மறுபடியும் கேளுங்கள். பெற்றோர்களே, வீட்டில் ஆகச் சிறியவரின் கேள்வியும் உங்கள் காதில் விழும்போது, பதில் சொல்லுமுன் ஒரு கணம் பொறுத்துக் கேளுங்கள்.