தாய்ப்பாலும் நமது கடைப் பால் டின்னும்

கடைக்காரர் ஒருவர் பாலைப் பற்றி எழுதப் புகுந்தால், புதுச் சரக்குக்கு விளம்பரம் என்றே சகோதரர்கள் எண்ணக்கூடும். அதுவல்ல. நாம் விற்காத பாலைப் பற்றி எழுதுகிறோம். ஆண்பிள்ளைகள் பேசுகிற விஷயமா இது என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். அவர்கள் திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனத்தைப் பார்க்க வேண்டுகிறோம். பாலூட்டலைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு முழுமையாக இரண்டு ஆண்டு என்று தவணை சொல்லும் அவ்வசனம், அத்தாயின் உணவுக்கும் உடைக்கும் தகப்பனைப் பொறுப்பாக்குகிறது. மதரஸாவில் நாம் அதைப் பலமுறை ஓதியிருக்கிறோம். நம் வீட்டுக் காரியமாக அது வந்தது சென்ற ஆண்டுதான்.

நமது மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். அல்ஹம்துலில்லாஹ், ஆண் குழந்தை. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தோம். அன்றிரவே தொல்லை ஆரம்பித்தது. குழந்தை மார்பில் வாய் வைக்கும்; நாலு இழுப்பு இழுக்கும்; விட்டுவிட்டு வீறிடும். காம்பு வெடித்து மகளுக்கு உயிர் போகிற வலி. "உம்மா, என்கிட்டே பாலே இல்லை" என்று அவள் அழுதாள். வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சீனித் தண்ணீர் கொடு என்றார் ஒருவர். நாக்கில் தேன் தடவு என்றார் இன்னொருவர். முதலில் வரும் மஞ்சள் பால் ஆகாது, பீச்சிக் கொட்டிவிட வேண்டும் என்று நமது பெரியம்மா சொல்ல, அப்படியே செய்தும் விட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? கீழே கடை, மேலே வீடு. இரவு 1 மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, அலமாரியிலிருந்து குழந்தைப் பால் மாவு டின் ஒன்றை எடுத்து வந்தோம். பேரனுக்கு இல்லாத சரக்கா! போத்தலில் கரைத்துக் கொடுத்ததும் மடமடவென்று குடித்துத் தூங்கிவிட்டான். வீடு அடங்கியது. பெரிய காரியம் சாதித்துவிட்டதாக எண்ணினோம். மகள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டாள். "என் பாலில் ஒன்றுமில்லை என்று வாப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்" என்று அவள் உம்மாவிடம் சொன்னது பிற்பாடுதான் நமக்குத் தெரிய வந்தது.

மறுநாள் சர்க்கார் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார். பிரசவித்த தாயை வீடு தேடி வந்து பார்ப்பது மலேசியாவில் கிளினிக் மிஸ்ஸிகளின் வழக்கமான வேலை. அறைக்குள் நடந்ததை வீட்டார் சொல்லக் கேட்டு எழுதுகிறோம். அவர் டின்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தாராம். குழந்தை மல்லாந்து கிடந்து, கழுத்தை மட்டும் திருப்பி, காம்பின் நுனியை மாத்திரம் கவ்விக்கொண்டிருந்தது. வலிக்கும் காரணம் அதுதான். பால் சரியாக இறங்காததற்கும் அதுவே காரணம். வாயின் ஓரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்தார். குழந்தையை முழுதுமாகத் திருப்பி அதன் வயிறு தாயின் வயிற்றோடு சேரும்படி அணைத்தார். மூக்கு காம்புக்கு நேரே இருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல் அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் படும்படி சேர்த்தார். காம்பைச் சுற்றிய கறுத்த பாகமும் பெரும்பாலும் வாய்க்குள் போக, கீழுதடு வெளியே மடிந்தது. சிறிது நேரத்தில் 'களுக் களுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டதாம்.

பிறகு அவர் சொன்னவை எல்லா வீட்டுக்கும் ஆகும். அந்த மஞ்சள் பால்தான் சீம்பால். அளவு கொஞ்சம், பிறந்த குழந்தையின் இரைப்பையும் சிறியதுதானே! நோயைத் தடுக்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. பால் நன்றாகச் சுரக்க இரண்டு முதல் நாலு நாள் பிடிக்கும். இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை ஊட்ட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் தினம் ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

பால் சுரக்கும் கணக்கு வியாபாரிகளுக்குச் சுலபமாக விளங்கும். சரக்கு விற்க விற்கத்தான் கொள்முதல் வரும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். போத்தலால் வயிற்றை நிரப்பினால் மார்பில் கிராக்கி குறைகிறது, சுரப்பும் குறைகிறது. உடனே இன்னொரு போத்தல். நாம் நள்ளிரவில் தொடங்கி வைத்தது இதைத்தான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. நாலாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு மகள் துடித்தாள். வெந்நீரில் பிழிந்த துணியை வைத்து, கையால் சிறிது பீச்சி இளக்கிய பிறகே குழந்தையால் கவ்வ முடிந்தது. போத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அடியோடு நிறுத்தப் பத்து நாள் ஆயிற்று. மருமகன் இரவில் எழுந்து துணி மாற்றினார். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் வீட்டில் மணத்தன. அவை பாலைக் கூட்டினவோ என்னவோ, சூடாக உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு நேரம் கிடைத்ததே பெரிதென்று நமக்குத் தோன்றியது.

இந்த விஷயம் நமது ஊர்க் கடைகளுக்குப் புதிதல்ல. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். சீனி கலந்த டின் பால் சிசுக்களுக்கு நல்லதென்று ஏழைத் தாய்மார்களை நம்ப வைத்து விற்றதை அவர் கண்டித்தார். நர்ஸ் வேஷத்தில் பெண்களை வீடு வீடாக அனுப்பியும் அந்நாளில் விற்றிருக்கிறார்கள். பிற்பாடு ஜப்பான்காரன் காலத்தில் அந்த அம்மையார் சாங்கிச் சிறையில் கிடந்தார். அங்கே பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் சொன்னார். 1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற விதிகளின்படி, சிசுக்களுக்கான மாவுப் பாலுக்குக் கடையில் விளம்பரம், மாதிரிப் பொட்டலம், தள்ளுபடிச் சீட்டு எதுவும் கூடாது. தே தாரிக் கலக்கும் சீனிப் பால் டின் சிசுவுக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் டின் என்றால் எல்லாம் பால்தானே என்று வருவோர் இன்றும் இல்லாமல் இல்லை.

மாவுப் பால் டின்னை நாம் அலமாரியிலிருந்து இறக்கிவிடவில்லை. உண்மையிலேயே ஊட்ட முடியாத தாய் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் குழந்தை உண்டு. இடத்தை மட்டும் மாற்றி, கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். கேட்டு வாங்க வேண்டும். சென்ற மாதம் இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒரு வாலிபர் வந்து டின் கேட்டார். பிள்ளைக்கு எத்தனை நாள் என்றோம். மூன்று நாள் என்றார். அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, மாடியிலிருந்த நம் வீட்டாரைக் கூப்பிட்டோம். கிளினிக் எங்கே, எந்நேரம் திறக்கும் என்று எழுதிக் கொடுத்து, பிள்ளையைக் கவ்வ வைக்கும் முறையைத் தலையணையை வைத்துக் காட்டி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வந்தவர் அரைக் கிலோ பூண்டு வாங்கிப் போனார்.