ஆடுகளின் சளிநோய் மருந்துக்குக் கட்டுப்படாதது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் சளி பிடிப்பது வழக்கம். மூக்கு ஒழுகும், இருமலும் காய்ச்சலும் இருக்கும், ஆடு இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். "போன வருஷம் ஒரே ஊசியில் எழுந்து மேய்ந்தது, இந்த வருஷம் அதே ஊசி நாலு போட்டும் கேட்கவில்லை" என்று ஆடு வளர்ப்போர் சொல்வதைக் கேட்கிறோம். மருந்து போலி என்று கடைக்காரரைக் குறை கூறுவோரும் உண்டு. ஆனால் முன்பு போட்ட ஊசிகளே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சாதாரணமாகவே குடியிருக்கும். மழை, குளிர், வண்டிப் பயணம், நெரிசல் இவற்றால் ஆடு தளரும்போது அவை நுரையீரலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. ஆன்டிபயாடிக் மருந்து போடும்போது, அதற்கு எளிதில் மடிபவை மடிந்து, தாக்குப்பிடிக்கும் சில மிஞ்சும். அதே மருந்தை அடிக்கடி போட்டால், மிஞ்சியவையே பெருகிப் பட்டி முழுவதும் பரவும். ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த பருத்தியில் காய்ப்புழு சாகாமற்போனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆகவே, அண்மையில் ஆன்டிபயாடிக் போட்ட பட்டியில்தான் அபாயம் அதிகம். எடை பாராமல் கண்ணளவில் குறைத்துப் போடுவதும், டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே நிறுத்துவதும், மீந்த மருந்தை அடுத்த ஆட்டுக்குப் போடுவதும் தவறு. சந்தையில் வாங்கிய ஆடு அங்கே என்னென்ன ஊசி போட்டுக்கொண்டு வந்தது என்பது நமக்குத் தெரியாது. அதை மூன்று வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

தேவையில்லாத இடத்தில் மருந்தை வீணாக்குவது இன்னொரு பெருந்தவறு. ஆட்டுக்கொல்லி நோயிலும் மூக்கு ஒழுகும், இருமல் வரும். கூடவே வாய்ப்புண்ணும் கழிச்சலும் இருக்கும். இந்த நோய் நம் நாட்டில் முதன்முதலாக 1987ல் கண்டறியப்பட்டது, இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசூரில்தான். இது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. பின்தொடரும் பாக்டீரியாவுக்காக மட்டுமே டாக்டர் அதைத் தருவார். தடுப்பூசி ஒருமுறை போட்டால் சுமார் 3 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. நுரையீரல் புழுவாலும் இருமல் வரும். அதற்குக் குடற்புழு நீக்க மருந்துதான் வழி. ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து மருந்து ஊற்றும்போது புரையேறி, மருந்தே நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவதும் உண்டு. வயிற்று உப்புசத்துக்கு எண்ணெய் ஊற்றுவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். தலையை நேராக வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுக.

இது ஆட்டோடு நிற்கும் சங்கதியன்று. ஆடுமாடுகளுக்குப் போடும் என்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்தின் ஒரு பகுதி, அவற்றின் உடம்பில் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. இரண்டாவது பெயர் உங்கள் வீட்டு மருந்துச் சீட்டிலேயே இருக்கக்கூடும். பட்டியில் இந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமி, மனிதருக்கான மருந்துக்கும் எளிதில் அடங்காது. சளி பிடித்த ஆட்டைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊசி போட்ட ஆட்டின் பாலையும் கறியையும் டாக்டர் சொல்லும் கெடு முடியும்வரை பயன்படுத்தவோ விற்கவோ கூடாது.

எந்த ஆட்டுக்கு, எந்தத் தேதியில், என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எழுதச் சோம்பல் என்றால் காலிப் புட்டியையாவது வைத்திருங்கள். மருந்தகத்துக்குப் போகும்போது அதைக் காட்டினால், முன்பு பலிக்காத மருந்தை டாக்டர் தவிர்ப்பார். பல ஆடுகள் ஒன்றாகப் படுத்துவிட்டால், மருந்து போடுவதற்கு முன்பே மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி அவரைக் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். ஆடு செத்துவிட்டாலும் உடனே குழி தோண்டிவிடாமல் மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் நுரையீரல் துண்டு, மிச்சமுள்ள ஆடுகளுக்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய உதவும்.