முதலில் தாள், பிறகு ஸ்பிரிங்

ஜெர்மனியில் காருக்குக் காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) மாட்டி உயரத்தைக் குறைப்பதற்குத் தடையில்லை. அங்கீகாரத் தாள் இல்லாமல் மாட்டினால்தான் சிக்கல். இக்கட்டுரையாளர் அதைக் கற்றது தம் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில். யாரோ கழற்றி விற்ற செட் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. கூடவே எந்தச் சான்றும் வரவில்லை. வாகன ஆய்வாளர் காரைத் தூக்கிப் பார்க்கும் முன்பே தாளைக் கேட்டார். ஆய்வு அத்துடன் முடிந்தது.

அந்நாட்டு வாகன அனுமதி விதிகளின் 19ஆம் பிரிவுப்படி, ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றத்தை அங்கீகாரமின்றிச் செய்தால் காரின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். ‘டைலெகுட்டாக்டன்’ என்ற உதிரிபாக ஆய்வறிக்கையுடன் வரும் செட்டானால், மாட்டிய கையோடு டியூஃப், டெக்ரா போன்ற அமைப்பின் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் முறை செட் வாங்கியபோது கட்டுரையாளர் காசு கொடுக்கும் முன்பே அறிக்கையைப் படித்தார். எந்த மாடல், முன் பின் அச்சுகள் தாங்கும் எடை, எத்தனை மி.மீ. வரை இறக்கலாம் என்பவை அதில் இருக்கும். ஏழாம் கோல்ஃபில் முன் ஸ்ட்ரட்டின் விட்டம் சில கார்களில் 50 மி.மீ., சிலவற்றில் 55 மி.மீ. பின் அச்சிலும் இரு வகை உண்டு. ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் செய்தால் செட் பொருந்தாமல் திரும்பும். மின்னணு டேம்பர் உள்ள காரானால் எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி மாட்யூலும் தேவைப்படும்.

செட் எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு. உயரம் மாற்றும் மரையில் துரு ஏறினால் வளையம் அசையாது. கேடபிள்யூ நிறுவனம் துருப்பிடிக்காத எஃகு உடலைத் தருகிறது. பில்ஸ்டைன் பி14 போன்றவற்றில் துத்தநாகப் பூச்சு காக்கிறது. எதுவானாலும் குளிர்காலம் முடிந்ததும் மரையைக் கழுவிப் பிரஷால் தேய்ப்பது அவர் வழக்கம். மூன்றாவது குளிர்காலத்துக்குப் பிறகும் வளையம் சிரமமின்றித் திரும்பியது.

மிகத் தாழ இறக்குவது இன்னொரு எதிரி. ஷாக் அப்சார்பர் அமுங்க இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் மோதும். சீலும் மேல் மவுன்ட்டும் சீக்கிரம் போகும். பிரித்த வேளையிலேயே புது மேல் மவுன்ட் போட்டுவிட வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகியே கிழியும். கடைசியாக அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும்.

அறிக்கை அனுமதித்த தாழ்ந்த எல்லைக்கு 10 மி.மீ. மேலேயே அவர் நிறுத்திக்கொண்டார். ஆய்வாளர் நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து கையெழுத்திட்டார். சில மாதங்கள் கழித்துக் கட்டுரையாளரே டேப்பை வைத்துப் பார்த்தபோது ஸ்பிரிங் அமர்ந்து கார் 5 மி.மீ. இறங்கியிருந்தது. எல்லைக்கு இன்னும் 5 மி.மீ. மிச்சமிருந்தது.