பையைக் காட்டுங்கள்

கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது சமையலில் மஞ்சள் சேர்க்கலாமா, டாக்டரம்மா? (வாசகி, ஈரோடு)

தாராளமாகச் சேருங்கள். குழம்பு மஞ்சளால் கெடுதல் இல்லை. கேப்சூலில் வரும் மஞ்சள் சத்து வேறு சங்கதி. மிளகுச் சத்தும் சேர்த்து விற்கும் அந்த மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்கள் உண்டு. அதைத் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்று. நான்கு ஊசி முடிந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று தினமும் முள் சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கிறோம். டாக்டர் திட்டுவார் என்று சொல்லவில்லை. தொடரலாமா? (வாசகர், தேனி)

இன்றைக்கே நிறுத்துங்கள், அடுத்த ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதைவிடச் சொல்வதுதான் முக்கியம்.

முள் சீத்தா சோதனைச் சாலையில் புற்றுச் செல்லைக் கொல்கிறது என்று படித்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லைக் கொல்ல எத்தனையோ பொருள்களால் முடியும். உடம்புக்குள் போய், நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்ல வேண்டுமே, அதுதான் கடினம். இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிடும் கரீபியன் தீவான குவாதலூப்பில், 1990களில், நடுக்குவாதம் போன்ற ஒரு நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்தச் செடியில் உள்ள அனோனசின் நரம்புச் செல்லைக் கெடுப்பதும் ஆய்வில் தெரிந்தது. உங்கள் அம்மாவுக்குப் பேக்லிடாக்ஸெல் போடுகிறார்கள் என்றால் அந்த ஊசியே கை கால் நரம்பை மரக்கச் செய்யும். அதன்மேல் இதையும் ஏன் ஏற்ற வேண்டும்?

இனி, மறைப்பதைப் பற்றி. பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது ஊசிக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் எகிறியிருந்தன. ஊசியைத் தள்ளிப்போட்டோம். நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று ஸ்கேன் எடுத்தோம். அந்தக் குடும்பம் மூன்று வாரம் தூங்கவில்லை. கடைசியில் மருமகள் வராந்தாவில் என்னை நிறுத்தி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். செந்தூரம், தேனில் குழைத்து, இரண்டு வேளை. நிறுத்தியதும் அளவுகள் இறங்கின. ஆனால் போன மூன்று வாரம் போனதுதான்.

அந்தப் பெரியவர் ஏன் சொல்லவில்லை? முதல் நாளே, "கஷாயம் கிஷாயம் எல்லாம் குடித்தால் இங்கே வராதீர்கள்" என்று நான் கத்தியிருந்தேன். தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு நான் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. "வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்பேன். லேகியம், பற்பம், புரோட்டீன் பவுடர், முடி வளர வாங்கிய பயோட்டின் மாத்திரை, எல்லாம். பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பிறழச் செய்யும்; அதை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை, அதனால் சொல்வதும் இல்லை. உங்கள் டாக்டர் திட்டினால் திட்டட்டும். அவர் கையில் பட்டியல் இருப்பது அம்மாவுக்குப் பாதுகாப்பு.

நித்திய கல்யாணியிலிருந்துதான் கீமோ மருந்தே எடுக்கிறார்களாமே. வீட்டு வாசலிலேயே செடி இருக்கிறது. இலையை மென்றால் என்ன? (வாசகர், திருச்செந்தூர்)

எடுக்கிறார்கள் என்பது உண்மை. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியில் கிடைத்தவைதான். ஆனால் இலையில் அந்த மருந்து மிக மிகக் கொஞ்சம். கூடவே வேறு பல ஆல்கலாய்டுகளும் கிடக்கின்றன. பிரித்தெடுத்த மருந்தையே மில்லிகிராம் கணக்குப் பார்த்து ரத்தக் குழாய் வழியாக மட்டும் ஏற்றுகிறோம். தவறி முதுகுத்தண்டு நீருக்குள் போனால் உயிர் போய்விடும். நீங்கள் மெல்லும் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? செடி வாசலுக்கு அழகு, பூவைச் சாமிக்குப் போடுங்கள்.

ஆறு மாதம் சித்த மருத்துவம் மட்டும் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் ஆபரேஷனுக்குப் போகலாமா? (வாசகர், விழுப்புரம்)

கூடாது. குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரைப் பற்றி 2018இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். ஆறு மாதம் கழித்து அதே கட்டி, அதே அளவில் உங்களுக்காகக் காத்திருக்காது.

அண்ணனுக்குக் குடல் புற்று. ஊசி போட்டு வந்தால் நாலு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. ஓய்வாகப் படுத்திருக்கட்டும் என்கிறார் அண்ணி. யோகா செய்யலாம் என்கிறேன் நான். வாயும் புண்ணாகிக் கிடக்கிறது. இதற்கெல்லாம் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமா? (வாசகி, மன்னார்குடி)

அண்ணி பாசத்தில் சொல்கிறார், ஆனால் படுக்கை அசதியைக் கூட்டும். கீமோ அசதிக்கு இதுவரை நன்றாக நிரூபிக்கப்பட்டது உடற்பயிற்சிதான். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் தெருமுனை வரை நடக்கட்டும். யோகாவும் நல்லதுதான்; மூச்சுப் பயிற்சி, உட்கார்ந்து செய்வது போதும். எலும்புக்குப் பரவியிருந்தாலோ தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் வளைக்க வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் எரிகிற மௌத்வாஷ் வேண்டாம். மோர்சாதம், குழைந்த பருப்பு, நன்றாக வெந்த முட்டை கொடுங்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் பச்சைக் கோதுமைப்புல் சாறு கூடாது.

தனியாருக்குப் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. கீமோ சீட்டை அந்த மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தருவதைக் கீமோ டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு பேரும் சரியென்றால் சாப்பிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும் நாட்களில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வைக்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. அங்கே போட்டிருக்கும் மைக்கோடு அழியவும் கூடாது. தலைக்கே கரண்ட் என்றால் முடியும்வரை எண்ணெயே வேண்டாம்.

ஊசி போட்ட எட்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் 101. நிலவேம்புக் கஷாயம் கொடுத்துக் காலை வரை பார்க்கலாமா? (வாசகி, அரியலூர்)

பார்க்கக் கூடாது. கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி தாண்டினால் அது அவசரம். கஷாயமோ பாரசிட்டமாலோ கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல், எந்த ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கீமோவில் இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.