தங்க ரேக்கு திரையில் மங்கலாமா?

சிங்கப்பூரில் இருந்துகொண்டு தஞ்சாவூர் ஓவியம் வாங்க நினைப்பவரால் பலகையைத் தூக்கிப் பார்க்க முடியாது. தங்கத் தாளான ரேக்குக்கு அடியிலுள்ள மக்கு (பசைப் பூச்சு) வேலை எவ்வளவு புடைப்பாக இருக்கிறது, கற்கள் வரிசை பிசகாமல் பதிந்திருக்கின்றனவா, முகத்தில் கண் எழுதிய கை தேர்ந்த கையா என்பதையெல்லாம் அவர் படத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார். படம் மங்கினால் சரக்கே மட்டம் என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் வீணை என்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பேன். இவற்றை இணையத்தில் விற்பவர்களுக்கு எல்லாத் திரையிலும் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் கணினி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவேண்டிய தொழில் இது.

முதலில் படம் ஏன் மங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இன்று பலர் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் திரை 1080 × 2400 பிக்சல். பிரவுசரோ அதை 360 × 800 என்று கணக்கிட்டுத்தான் பக்கத்தை அடுக்குகிறது. அதாவது பிரவுசர் ஒரு புள்ளி என்று எண்ணும் இடத்தில் நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் மூன்று என ஒன்பது நிஜப் பிக்சல்கள் இருக்கின்றன. 360 பிக்சல் அகலத்தில் ஒரு படத்தைப் போட்டால் போன் அதை மூன்று மடங்கு இழுத்துத் திரையை நிரப்பும். கல்லின் விளிம்பு கரைந்துவிடும். அதே படம் 1366 × 768 லேப்டாப்பில் சிறியதாக, ஆனால் கூர்மையாகத் தெரியும். கடைக்காரர் மங்கல் என்கிறார், டிசைனர் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. 2010-இல் அங்குலத்துக்கு 326 பிக்சல் (பிபிஐ) கொண்ட திரையோடு ஐபோன் 4 வந்த நாளிலிருந்து இந்தச் சிக்கல் தொடர்கிறது.

இதற்குப் பயந்து கேமராவிலிருந்து வந்த 4000 × 3000 படத்தை அப்படியே ஏற்றுவது அடுத்த தவறு. ஒரு படம் 4 எம்பி என்றால், இருபது ஓவியங்கள் உள்ள பக்கம் 80 எம்பி. பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிந்துவிடவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். சிக்னல் குறைந்த ஊரில் 80 எம்பி பக்கத்துக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

ஒரே படத்தைப் பல அளவுகளில் தயாரித்து வைப்பதே வழி. 480, 800, 1200, 1600, 2400 பிக்சல் அகலங்களில் ஐந்து பிரதிகள் போதும். எச்டிஎம்எல்லில் இமேஜ் டேக்கின் ‘சோர்ஸ்-செட்’ பகுதியில் ஐந்தையும் அகலத்தோடு எழுதிவிட்டு, திரையில் படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை ‘சைசஸ்’ பகுதியில் சொல்லிவிட்டால், தனக்கு ஏற்ற பிரதியைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளும். ‘சைசஸ்’ எழுத மறந்தால் படம் திரையின் முழு அகலத்துக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டு தேவையில்லாத பெரிய பிரதியை இறக்கும். அகலம், உயரம் இரண்டையும் டேக்கிலேயே குறித்துவிடுங்கள். படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது. வெப்பி என்ற பட வடிவத்தை 2020 முதல் சஃபாரி பிரவுசரும் ஏற்கிறது, ஆகவே தயங்காமல் பயன்படுத்தலாம். படத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்ற ஸ்குவூஷ், கிம்ப் போன்ற இலவசக் கருவிகளே போதும்.

கடையின் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால் பாதி வேலை குறைவு. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து ‘சோர்ஸ்-செட்’ தானாகவே சேர்ந்துவிடுகிறது. ஆனால் தளத்தின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’-ஐ மாற்றினால் பழைய படங்களின் அளவுகள் புதிய தீமுக்குப் பொருந்தாமல் போகலாம். சிறு படங்களை மறுபடி உருவாக்கும் பிளகினை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ‘தீம் மாற்றியதிலிருந்து படம் மங்கல்’ என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

72 டிபிஐ, 300 டிபிஐ என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அது அச்சகத்துக்கான கணக்கு. திரையில் பிக்சல் எண்ணிக்கை மட்டுமே செல்லும்.

எந்தக் கருவியாலும் மோசமான மூலப்படத்தைக் காப்பாற்ற முடியாது. ஓவியத்துக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்யும் முன்பே படமெடுத்துவிடுங்கள். கண்ணாடி வந்துவிட்டால் ஜன்னலும் உங்கள் முகமும் சாமியோடு சேர்ந்து விழும். ஃபிளாஷ் வேண்டாம், ரேக்கு வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துவிடும். ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டி, ஒளி ஒரு பக்கமிருந்து சாய்ந்து விழும்படி பலகையை நிறுத்துங்கள். புடைப்பின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும், மக்கு வேலை எழுந்து நிற்கும். கடைக்காரரே படமெடுத்தால், அதை வாட்ஸாப்பில் வழக்கம்போல் அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 2023-இல் வந்த எச்டி வசதியும் படத்தைச் சுருக்கத்தான் செய்கிறது. ஐபோனில் எடுத்த படம் என்றால் இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ரேக்கின் மஞ்சள் திரைக்குத் திரை வேறுபடலாம்.

பொருளுக்குப் பொருள் கவனம் மாறும். சதுரக் கட்டத்தில் படத்தை நிரப்பும் ஏற்பாடு சுவாமிமலை நடராஜருக்கு ஆகாது. திருவாசியின் ஓரமோ, காலடியில் கிடக்கும் முயலகனோ வெட்டுப்படும். சிஎஸ்எஸ்ஸில் ‘கவர்’ என்பதற்குப் பதில் ‘கன்டெய்ன்’ வையுங்கள். திருபுவனம் பட்டின் நெருக்கமான சரிகைக் கட்டங்களைச் சிறிதாக்கும்போது, புடவையில் இல்லாத அலையலையான கோடுகள் தோன்றும். முதலில் லேசாக மழுக்கி, பிறகு சுருக்கி, கடைசியில் கூர்மையேற்றினால் அவை பெரும்பாலும் அடங்கும்.

கடைச் சரக்கு அல்ல என்றாலும், திரையில் காட்ட எல்லாவற்றிலும் கடினம் ஓலைச்சுவடி. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருப்பதுபோன்ற சுவடிகளில் 40 செ.மீ. நீள ஓலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1080 பிக்சல் அகலப் போனில் முழு ஓலையும் தெரியும்படி வைத்தால் ஒரு செ.மீ.க்கு 27 பிக்சல். 3 மி.மீ. உயர எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 8 பிக்சல். அதில் கொம்பையும் சுழியையும் பிரித்துப் படிக்கவே முடியாது. இங்கே ஐந்து அளவுகள் போதாது. பெரிய படத்தைச் சிறு கட்டங்களாக நறுக்கி, பார்ப்பவர் பெரிதாக்கும் இடத்தை மட்டும் கொண்டுவரும் முறை வேண்டும். உலகின் பெரிய நூலகங்கள் ஏற்றிருக்கும் டிரிபிள்-ஐ-எஃப் தரமும், ஓப்பன்சீடிராகன் என்ற இலவசக் காட்டியும் இதற்கானவை. இவற்றைக் கற்றவருக்கு நூலகங்கள், அருங்காட்சியகங்கள், சுவடி ஆய்வுத் திட்டங்கள் என்று வேறொரு வாசலும் திறக்கும்.

வேலை முடிந்ததும் சோதிக்காமல் கொடுக்காதீர்கள். குரோமில் எஃப்12 அழுத்தித் திறக்கும் கருவிகளில் பல போன்களின் திரையளவைப் பார்க்கலாம். அளவைக் காட்டுமே தவிர, நிஜத் திரையின் நிறத்தையோ நெருக்கத்தையோ அது காட்டாது. ஒரு மலிவு விலை போன், ஒரு நல்ல போன், பழைய லேப்டாப், பெரிய மானிட்டர் நான்கிலும் அதே பக்கத்தைத் திறந்து அருகருகே வையுங்கள். விலையையும் அளவையும் படத்துக்குள் எழுதியிருந்தால் போனில் எறும்பு அளவுக்குத்தான் தெரியும். அவற்றைப் பக்கத்தில் எழுத்தாகவே போடுங்கள்.

கூலியை மணிக்கணக்கில் பேசாமல் பொருள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவது இரு தரப்புக்கும் நல்லது. அந்தத் தொகைக்குப் படமெடுப்பது, ஐந்து அளவுகள், ஏற்றுவது, சோதிப்பது என்று எவையெல்லாம் அடங்கும் என எழுதிக் கொடுங்கள். மூலப்படங்களைப் பெயரிட்ட ஃபோல்டராகக் கடைக்காரரிடமே ஒப்படையுங்கள். ஓவியம் விற்றுப்போன பிறகு மறுபடி எடுக்க வழியில்லை.

வேலை கேட்டுப் போகும் முன் அந்தக் கடையின் தளத்தை உங்கள் போனில் திறந்து, மங்கித் தெரியும் படம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு அந்த ஓவியத்தை நல்ல வெளிச்சத்தில் எடுத்து, முறைப்படி தயாரித்து, பழையதையும் புதியதையும் அவர் போனிலேயே காட்டுங்கள். சான்றிதழை அதற்குப் பிறகு நீட்டினால் போதும்.