புயல் நாளிலும் ஓயாத ரேடியோ: ரிப்பீட்டருக்குப் பாட்டரி அமைக்கும் முறை

வங்கக் கடலோரத்தில் அமைந்த கடலூர் மாவட்டத்திற்குப் புயல் புதிதன்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் மின்மாற்றிகளும் வீழ்ந்தமையால் எத்தனையோ ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றபின் கைப்பேசிக் கோபுரங்களும் நெடுநேரம் தாங்குவதில்லை.

உரிய வேளையில் வந்து சேரும் செய்தி உயிரைக் காக்கும் என்பதற்குக் கடலூருக்கு வடக்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரே சான்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அவ்வூர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அறிவித்தது. மக்கள் ஆழிப் பேரலை வருமுன் வெளியேறினர்.

இருவழி ரேடியோவின் துணைக்கருவியே ரிப்பீட்டர். கையில் ஏந்தும் சிறு கருவியின் குரல் சமவெளியில் சில கிலோமீட்டர்தான் செல்லும். உயர்ந்த கோபுரத்தில் ஆண்டெனாவைக் கொண்ட ரிப்பீட்டர் அக்குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, மற்றோர் அலைவரிசையில் வலிமையுடன் திரும்ப அனுப்பும். 30 மீட்டர் கோபுரமாயின் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சுற்றளவை எட்டலாம். கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் நடுவே தக்க இடத்தில் அமைந்தால் இரு நகரங்களையும் இணைக்கக்கூடும். இதனை நிறுவ மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையினது உரிமம் பெறுதல் வேண்டும்.

பாட்டரியின் அளவைக் கணித்தல்

12 வோல்ட்டில் இயங்கும் ரிப்பீட்டர் ஒன்று, காத்திருக்கையில் அரை ஆம்பியரும், அனுப்புகையில் 8 ஆம்பியரும் இழுப்பதாகக் கொள்வோம். நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், அதாவது 4.8 மணி அனுப்பினால், 38.4 ஆம்பியர்-மணி செலவாகும். எஞ்சிய 19.2 மணி காத்திருப்பிற்கு 9.6. ஆக நாளொன்றுக்கு 48. மூன்று நாட்களுக்கு 144.

ஈயப் பாட்டரியை முழுவதும் வற்றவிடுதல் கூடாது. பாதியளவே பயன்படுத்தினால்தான் அது நெடுநாள் உழைக்கும். ஆகவே 288 ஆம்பியர்-மணி தேவை. ஒரே வகையும் ஒரே வயதும் உடைய 150 ஆம்பியர்-மணிப் பாட்டரிகள் இரண்டைப் பக்க இணைப்பாக இணைத்தால் போதும்.

இங்கு மற்றோர் உண்மையும் விளங்கும். பேச்சைச் சுருக்கி, அனுப்பும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், அன்றாடச் செலவு 30 ஆம்பியர்-மணியாகும். அதே பாட்டரி ஐந்து நாட்கள் தாங்கும். வீண் பேச்சைத் தவிர்ப்பது பணச் செலவின்றி இரண்டு நாட்களைப் பெற்றுத் தரும்.

இணைப்பும் மின்னேற்றமும்

இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட்டாக்கி, மீண்டும் 12 வோல்ட்டாகக் குறைப்பது மின்சாரத்தை இருமுறை இழப்பதாகும்; ரிப்பீட்டரை நேராகப் பாட்டரியுடன் இணைப்பதே நன்று. நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் பொருத்துக. கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருக்கட்டும்.

மின்சாரம் உள்ள நாட்களில் சார்ஜர் பாட்டரியை 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிறைவாக வைத்திருக்க வேண்டும். நமது கோடை வெயிலில் இதைச் சற்றுக் குறைப்பது அவசியம்; மிகுந்த வெப்பம் பாட்டரியின் ஆயுளைக் குன்றச் செய்யும். சூரியத் தகட்டையும் சேர்க்கலாம். ஆயினும் புயல் வரும் வடகிழக்குப் பருவத்தில் வானம் மூடியிருக்குமாதலால், அதனை மட்டும் நம்புதல் தகாது. ஊராட்சியின் டீசல் ஜெனரேட்டரிலிருந்து சார்ஜருக்கு ஒரு இணைப்பையும் முன்னரே அமைத்தல் நலம்.

இடமும் பராமரிப்பும்

பாட்டரியைத் தரையில் வைக்காமல், அவ்வூரில் வெள்ளம் ஏறிய உயரத்திற்கும் மேலே பலகையில் வைக்க வேண்டும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும்; ஆதலால் காற்றோட்டம் தேவை, நெருப்பு கூடாது. கடற்காற்றின் உப்பு முனைகளை அரிக்கும். அவற்றைத் துடைத்து வாசலின் பூசுக. திறந்த வகைப் பாட்டரியில் குறைந்த நீரைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் நிரப்புக.

ஆண்டுதோறும் செப்டம்பரில், பருவமழை தொடங்குமுன், மின் இணைப்பைத் துண்டித்து ஒரு நாள் பாட்டரியில் இயக்கிப் பாருங்கள். பின்னர்ப் பாட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.2 வோல்ட்டுக்குக் குறையலாகாது. குறையின், பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்பது பொருள்; பாட்டரியைச் சோதித்து மாற்றுவதற்கு அதுவே ஏற்ற தருணம். அலை எழுந்தபின் அதற்கு அவகாசம் இராது.