வயருக்கும் வயசு உண்டு



லயத்துக்குக் கரண்ட் வந்த நாளில் போட்ட வயர் இன்றைக்கும் பல காம்பராக்களில் அப்படியே இருக்கிறது. "பல்ப் எரியுதுதானே, வயர் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்கிறோம். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி லேசில் கெடாது. மேலே உள்ள பிளாஸ்டிக் உறைதான் முதலில் கெடும். 230 வோல்ட் மின்சாரத்துக்கும் நம் பிள்ளைகளின் கைக்கும் நடுவில் இருப்பது அந்த உறைதான்.

உறை ஏன் கெடுகிறது?

வீட்டு வயரின் உறை பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பானது. வளைந்து கொடுக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். சூடு பட்டால் அது மெல்ல வெளியேறிவிடும். பிறகு, வெயிலில் கிடந்த பழைய படங்கு போல உறை விறைத்து வெடிக்கும்.

சாதாரண பி.வி.சி. வயர் 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஏறக்குறைய 10 பாகை கூடினால் ஆயுசு பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 20 வருஷம் உழைக்க வேண்டியது 10 வருஷத்தில் போகும். இன்னும் 10 பாகை கூடினால் 5 வருஷம்தான்.

2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பல்புக்குப் போட்ட மெல்லிய வயரில் அதைக் கொளுவினால் வயர் சூடாகும். அடுப்புக்கு மேலேயும், வெயிலில் காயும் கூரைத் தகரத்தை ஒட்டியும் போகும் வயருக்கும் இதே கதிதான்.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள்

1. உறை மஞ்சளாக, பழுப்பாக மாறுதல்.
2. விறைத்துப்போதல், வெடிப்பு.
3. பிளக் பொயிண்டில் சூடு, கருகல், பிளாஸ்டிக் தீயும் மணம்.
4. எலி கடித்த தடம், தகர விளிம்பு உரசிய இடம்.
5. பனிமூட்டமும் மழையுமான நாட்களில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுதல். ஈரம் புகுந்து கரண்ட் கசிவதாக இருக்கலாம்.

பார்ப்பது கண்ணால் மட்டும். வயரைத் தொடவோ வளைக்கவோ வேண்டாம்.

மீட்டர் சொல்லும் கதை

மின்னியலாளர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, 500 வோல்ட் கொடுக்கும் மீட்டரால் உறையின் காப்பைச் சோதிப்பார். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் கட்டாயம் பழுது பார்க்க வேண்டும். ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதாது. முதல் வருஷம் 50, அடுத்தது 20, பிறகு 5 என்று இறங்கினால், இன்னும் 1க்கு மேலேதானே என்று விடக்கூடாது. அடுத்தது எங்கே போகும் என்று கணக்கே சொல்கிறது. ஈரத்தில் எண் குறையும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரிக் காலநிலையில் சோதித்து, திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் அமுக்குங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி அம்பியர் கசிவில் விழுவது தேவை. ஆனாலும் அது கசிவைத்தான் பிடிக்கும். தளர்ந்த மூட்டில் ஏறும் சூட்டைப் பிடிக்காது.

லயத்தில் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ பக்கத்துக் காம்பராவில் தூங்கும் பிள்ளையையும் தேடிப் போகும். ஆகவே கெட்ட வயரைக் கண்டால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல் தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: உங்கள் காம்பராவில் மேலே சொன்ன 5 அடையாளங்களில் எத்தனை இருக்கின்றன? பெரியவர்களோடு பார்த்து, கொப்பியில் எழுதுங்கள்.